மலையடி டப்பாவுக்கு எழுதிய பூஜ்யங்கள்

எரியோட்டுக்குப் போகும் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது சட்டை மார்பு வரை ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த ஈரம் இல்லை அது, ஓடைத் தண்ணீர். வலது காலில் செருப்பு இல்லை. இடது காலில் இருந்ததைக் கழற்றிக் கொஞ்ச தூரம் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஒற்றைச் செருப்பு எதற்கு என்று வேலியோரம் போட்டுவிட்டேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மேற்கே வானம் பளிச்சென்று இருந்தது. தார்ச்சாலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் காய்ந்த சாலைதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. ஒரு பொம்பளையைத் தண்ணீர் கொண்டுபோன நாளில் சாலை இப்படிக் கிடக்கக் கூடாது என்று தோன்றியது.

பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாலையை விட்டு இறங்கிக் கருவேல மரங்களுக்குள் நின்றேன். பைக் தாண்டிப் போன பிறகு மறுபடி ஏறினேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இறங்கினேன்.

சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டு இருந்தது. அதை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பத்தாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டவன். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்கியிருக்கிறேன். பழனியில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கியிருக்கிறேன். கோயம்புத்தூரில் மில், திருப்பூரில் சாயப்பட்டறை. எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. அந்த ஆடி மாதம் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு காற்றாலை வேலைக்கு வந்து, அது முடிந்து சும்மா இருந்தபோது, வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து மழை ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்தார்கள். மூன்று இடத்தில் மழை அளக்கும் டப்பா வைத்தார்கள். ஒன்று பள்ளிக்கூடச் சுவரோரம், ஒன்று ஒரு கிணற்று மேட்டில், மூன்றாவது மலையடிவாரத்தில் ஒரு புளியந்தோப்பில். தினமும் காலை எட்டரைக்கு மூன்றையும் அளந்து நோட்டில் எழுத ஆள் வேண்டும். சைக்கிளும் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்து சும்மா இருந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். எதற்கு இந்த டப்பா என்று முதல் நாளே கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார்.

"மேல சேட்டிலைட் இருக்குல்ல அண்ணா, மழைய அளக்கறதுக்குன்னே சிலது சுத்துது. ஆனா அது எப்பவும் நம்ம தலைக்கு மேல நிக்காது. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவ இந்தப் பக்கம் தாண்டும். அந்த நிமிஷம் பெய்யுற மழை அதுக்குத் தெரியும். தாண்டிப் போன பிறகு பெஞ்சு நின்னா, அதுக்குப் பெய்யவே இல்ல."

பழனி லாட்ஜ் ஞாபகம் வந்தது. மேனேஜர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வராந்தாவில் நடப்பார். நடுவில் அறைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் புத்தகத்தில் அறை காலி. உள்ளே கட்டில் விரிப்பு கசங்கிக் கிடக்கும், பெருக்குகிற எனக்குத்தான் தெரியும். அதைச் சொன்னேன். மேடம் சிரித்து, "அதேதான்" என்றார்.

"அப்ப இன்னொரு சேட்டிலைட்ட நிறுத்தி வைக்கலாமே மேடம்."

"இருக்கே. ரொம்ப உயரத்துல ஒரே எடத்துல நிக்கிற மாதிரி ஒண்ணு. ஆனா அது மழையப் பாக்கல, சூட்டப் பாக்குது. தரை வாங்குன சூட்டத் திருப்பி மேல அனுப்புது. உசரமான மேகம் நடுவுல வந்தா, மேகத்தோட தல குளுந்து இருக்கும், மேல போற சூடு கொறஞ்சு தெரியும். சூடு கொறஞ்சா அங்க மழைன்னு ஒரு கணக்கு."

"கணக்கா, பாத்ததா?"

"கணக்குதான் அண்ணா. அதனாலதான் உங்க டப்பா." 

மாசம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பிழைகள் ஒன்றை ஒன்று கொஞ்சம் சரிக்கட்டும், ஒரு நாளுக்கு, ஒரு ஓடைக்கு என்றால் நம்ப முடியாது என்றும் சொன்னார். அது காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை.

என் போனில் ஒரு படம் வரும்படி செய்து கொடுத்தார். நம் பகுதி வரைபடம், மழை இருந்தால் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம். எப்போது சேட்டிலைட் தாண்டியது என்று நேரமும் இருக்கும். அந்த நேரத்தை நோட்டில் குறித்து, எண்களை அன்றன்றே மேடத்துக்கு மெசேஜில் அனுப்ப வேண்டும். "டப்பாவ அளந்து எழுதிட்டு அப்புறம் படத்தப் பாருங்க. முன்னாடி பாக்காதீங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் பதினைந்து நாள் அப்படியே செய்தேன். மலையடி டப்பா அடிக்கடி படத்தோடு முரண்பட்டது. படம் மழை என்று காட்டும் நாளில் டப்பா காய்ந்திருக்கும். படம் வெறுமையாக இருக்கும் நாளில் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். எனக்கு என் மேல்தான் சந்தேகம் வந்தது. பத்தாவது முடிக்காதவன் டப்பாத் தண்ணீரைக் கண்ணாடி அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்தது பெரிதா, இத்தனை பேர் படித்து வானத்தில் ஏற்றிவிட்டது பெரிதா? புளிய இலையில் சொட்டியதாக இருக்கும், எவனாவது குரங்குப்பயல் ஊற்றியிருப்பான் என்று நினைத்து, எண்ணைப் படத்துக்குப் பக்கமாக நகர்த்தி எழுதினேன். அப்படி நகர்த்திய எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. பிறகு அவ்வளவு தூரம் மிதித்துப் போவதையே விட்டுவிட்டேன். படம் வெறுமை என்றால் பூஜ்யம், ஒரு புள்ளி.

புரட்டாசி கடைசியில் மேடம் போன் செய்தார். "அண்ணா, மத்த எடத்துல எல்லாம் சேட்டிலைட்டுக்கும் டப்பாவுக்கும் சண்டை. உங்க மலையடி எடம் மட்டும் அவ்ளோ அழகா ஒத்துப் போகுது. ஆச்சரியமா இருக்கு." அவர் குரலில் சந்தோஷம். என் எண்களையே எடுத்துக்கொண்டு போய் அவர் எனக்கே நற்சான்றாகத் திருப்பிக் கொடுக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இங்கே படம் பொய் சொல்லாது என்று நானே நம்பினேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

நான் அப்படிச் சொல்லிக் கேட்டவர்களில் ஒருவர் கிடைக்கார அக்கா. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுமந்தையோடு வருகிறவர்கள் வயல்களில் கிடை போடுவார்கள். ஆடு படுத்த வயலுக்கு எரு, ஆட்டுக்காரர்களுக்குச் சாப்பாடும் கூலியும். அக்காவும் அவர் புருஷனும் கிணற்று மேட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடை போட்டிருந்தார்கள். பிறந்த குட்டிகளைப் பெரிய கூடைகளால் கவிழ்த்து மூடி வைப்பார்கள். தாய் ஆடு மேயப் போய்த் திரும்பும்வரை குட்டி கூடைக்குள் கிடக்கும். தானாக வெளியே வர முடியாது.

காலையில் நான் டப்பா பார்க்க வரும்போதெல்லாம் அக்கா கேலி பேசுவார். "என்னப்பு, வானத்துல இருக்க ஒன் மாமியாரு என்ன சொல்லுறா?" நான் படத்தைக் காட்டுவேன். அவர் போனில் என் எண்ணும் என் போனில் அவர் எண்ணும் இருந்தன.

அது ஐப்பசியில் ஒரு நாள். புருஷன் ஊரில் கோயில் கும்பிடு என்று போயிருந்தார், இரவுதான் வருவார். இரண்டு நாள் முன்பு பெய்ததில் வயல் சேறாகிக் குட்டிகளுக்குக் கால் புண் வந்திருந்தது. பக்கத்து ஓடை காய்ந்து, மணல் சூடாக, சுத்தமாகக் கிடந்தது. மதியம் நான் கிணற்று மேட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"இன்னைக்கு மழ இருக்கா சொல்லு. இல்லேன்னா குட்டியள மணலுக்கு எறக்கிருவேன்" என்றார் அக்கா.

போனைப் பார்த்தேன். வெறுமை. ஒரு நிறம் இல்லை. "ஒண்ணும் இல்லக்கா. இந்த எடத்துக்கு இது சொன்னா சொன்னதுதான். காலேஜ்லயே சொல்லிட்டாங்க."

"மலைல என்னமோ உக்காந்திருக்கே."

திரும்பிப் பார்த்தேன். மலை மேல் மேகம் இருந்தது. உயரமாக எழும்பாத, மலையோடு ஒட்டிக்கொண்ட கறுப்பு மேகம். "சின்ன மேகம்க்கா, அது பெய்யாது" என்றேன். அக்கா கூடைகளை இறக்கினார். நானும் நான்கைந்து தூக்கிக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு மேல் ஒரு சத்தம். லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஓடை வளைவில் செத்தை, குச்சி, நுரை எல்லாம் ஒரு சுவராக வந்தன. அக்கா அந்தக் கரையிலிருந்து கூடைகளை நோக்கி ஓடினார். நான் இந்தக் கரையிலிருந்து இறங்கினேன். இரண்டு கூடை தூக்கினேன், குட்டிகள் மேட்டுக்கு ஓடின. மூன்றாவதில் கை வைக்கும்போது தண்ணீர் இடுப்பில் அடித்தது. உடனே மார்பு. எப்படிக் கரை ஏறினேன் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது ஓடை முழுக்கச் செந்நிறத் தண்ணீர், அதில் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா இல்லை. கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாலையைப் பார்த்து நடந்தேன். இவ்வளவுதான். ஓடிப் போய் ஆள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

எரியோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் என் சட்டையைப் பார்த்தார்.

"எங்கப்பு, கெணத்துல விழுந்தியா?"

"மழைண்ணே."

"இங்க ஏது மழ." அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "கெழக்க ஓடைல வெள்ளமாமே?"

"ஆமா, இப்பத்தான் எம் மச்சினன் போன் போட்டான். கிடைப்பக்கம் ஒரு ஆளு போயிருச்சாம். தேடிக்கிட்டு இருக்காங்களாம்."

காசை வைத்துவிட்டு எழுந்தேன். "ஏலே, மிச்சத்தக் குடிச்சிட்டுப் போ" என்று கடைக்காரர் சொன்னது முதுகில் கேட்டது.

இருட்டிய பிறகு தக்காளிப் பெட்டி ஏற்றிய ஒரு சின்ன வண்டி திண்டுக்கல்லுக்குப் போனது. கேட்டு ஏறிக்கொண்டேன். வடமதுரை தாண்டும்போது, நோட்டோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் 'கிடை அக்கா' என்று இருந்தது.

என் உடம்பு அப்படிக் குளிர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அக்கா போனை இடுப்பில் வைக்க மாட்டார், மேட்டில் துணிமூட்டையில் வைத்திருப்பார். மூட்டையை எடுத்தது யார்? புருஷன் வந்துவிட்டார். கடைசியாக யாரோடு பேசினாள் என்று பார்த்திருப்பார். போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. திண்டுக்கல் பஸ் நிலையம் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ தடவை அடித்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. அணைக்கவும் தைரியம் வரவில்லை. அணைத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு.

பஸ் நிலையத்தில் பழனி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஏறினால் லாட்ஜ் வேலை கிடைக்கும். அங்கே யாரும் ஊர் கேட்பதில்லை. படியில் கால் வைத்தேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் காலை இறக்கிக்கொண்டேன். அப்போது மறுபடி போன், இந்தத் தடவை மேடம். எடுத்தேன்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? உங்க பக்கம் வெள்ளம்னு சொல்றாங்க. எங்களுக்குச் சேட்டிலைட்ல ஒண்ணுமே தெரியல. மதியம் ஒரு தடவ தாண்டியிருக்கு, அப்ப மழை இல்ல. அதுக்கப்புறம் ராத்திரிதான். சூடு பாக்குறதுலயும் பெருசா கொறையல, மேகம் உசரமில்ல போல. மலையடி டப்பா என்ன காட்டுது?"

"பாக்கல மேடம்."

"காலைல பாத்துச் சொல்லுங்க. அது ரொம்ப முக்கியம், உங்க எடத்துலதான் எப்பவும்..."

"மேடம், அதுல பாதி நான் படத்தப் பாத்து எழுதுனது."

ஒரு பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, அதன் பீப் மட்டும் கேட்டது.

"எந்தெந்த நாள்னு தெரியுமா?" என்றார் கடைசியில்.

"கீழ புள்ளி வச்சிருக்கேன்."

"நோட்டத் தொலச்சிராதீங்க. அது போதும்." பிறகு, கோபம் இல்லாத, களைத்துப்போன குரலில், "இனிமே உங்கள வச்சு எழுத முடியாதுண்ணா. புரியுதுல்ல" என்றார்.

புரிந்தது. கிடைக்கார அக்காவைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பஸ் நிலைய பெஞ்சில் இருந்தேன். தூங்கினேனா என்று தெரியவில்லை. விடிந்ததும் பழனி வண்டியும் நின்றது, குஜிலியம்பாறை வண்டியும் நின்றது. நான் தைரியசாலி இல்லை. பழனியில் உட்கார்ந்து ஒவ்வொரு போனுக்கும் இப்படி நடுங்கிக்கொண்டிருப்பதைவிட அங்கேயே போய் அடி வாங்குவது மேல் என்று பட்டது. குஜிலியம்பாறை வண்டியில் ஏறினேன்.

இறங்கி வயல் வரப்பில் நடந்தேன். ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. நேற்று என்னைத் தூக்கியது இதுதானா என்று நம்ப முடியவில்லை. கருவேல முட்களில் இரண்டு கூடைகள் மாட்டித் தொங்கின. ஒன்றுக்குள் ஒரு குட்டி இருந்தது. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்தில் நின்றேன்.

அப்போது ஒரு நாயை யாரோ திட்டுவது கேட்டது. "சனியனே, செத்ததத் தொட்டே, காலை ஒடிச்சிருவேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வரப்பில் அப்படியே குந்திவிட்டேன்.

அக்கா மேட்டில் நின்றிருந்தார். வலது கை துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தது. முகத்தில் முள் கீறல். "யாருலே அது, வரப்புல வெளிக்கு உக்காந்த மாதிரி?"

"நான்தான்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாங்க, வாங்க இங்க. ராத்திரியெல்லாம் ஓடக்கரையில தேடுனீங்களே ஒரு பொணத்த, அது சட்ட போட்டுக்கிட்டு நடந்து வந்திருக்கு."

தண்ணீர் அவரை வளைவில் ஒரு மரத்தில் கொண்டு சேர்த்திருக்கிறது. அந்தக் கரையில் மோட்டார் ரிப்பேர் பார்த்த இருவர் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கண் திறந்ததும் அவர் கேட்டது என்னைத்தான். இந்தக் கரையில் என் செருப்பு ஒன்று கிடந்திருக்கிறது. எரியோட்டு டீக்கடையில் தண்ணீரில் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்களே, அந்த ஆள் நான்தான். வந்து சேர்ந்த புருஷன் இரவு முழுவதும் என் எண்ணுக்குப் போன் அடித்திருக்கிறார்.

அவர் வந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "போனு அடிச்சுச்சுல்ல?"

"அடிச்சுச்சுண்ணே."

"எடுத்திருந்தா நாங்க ரெண்டு பேரும் செத்த நேரம் கண்ணசந்திருப்போம்." அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, புள்ளி, பூஜ்யம். அவர் பாதியிலேயே நிறுத்தினார். "ஒன் டப்பாவ நான் என்னத்தக் கண்டேன். மேகம் மலைல உக்காந்திருந்ததப் பாத்தவ நான். பாத்துட்டு ஒன்னையக் கேட்டேன் பாரு, அதுக்குத்தான் இந்தக் கை." முட்களில் தொங்கிய கூடைகளைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. "அம்புட்டும் இந்த வருசத்துக் குட்டி."

நான் தலை குனிந்து நின்றேன்.

"சும்மா நிக்காத. தை வரைக்கும் இந்தக் கை ஏலாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. கூடை தூக்க, குட்டி சுமக்க ஆளு வேணும். சோறு போடுவோம், கூலி அவரு சொல்லுவாரு. இருக்கியா, இல்ல ஓடுறியா?"

"இருக்கேன்க்கா."

"அப்ப அந்த மம்பட்டிய எடு. செத்ததுகளப் பொதைக்கணும். மேட்டுல தோண்டு, ஓடப்பக்கம் வேணாம்."

நோட்டையும் போனையும் அவருடைய துணிமூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். மேட்டு மண் ஒரு சாண் வரை இளகியிருந்தது, அதற்குக் கீழே கெட்டி. முழங்கால் ஆழம் வருவதற்குள் கை கொப்புளித்தது. அக்கா பின்னால் நின்று, நிமிரும்போதெல்லாம் மலையைப் பார்க்கச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன், மறுபடி குனிந்து வெட்டினேன்.